சாணிக் காளான் தேத்தண்ணி

கேள்வி: மாரி தொடங்கினால் எங்கள் மாட்டுப்பட்டியடியில் சாணியில் காளான் முளைக்கும். அதை அவித்துத் தேத்தண்ணியாகக் குடித்தால் நஞ்சு போய்விடும், மயக்கம் மட்டும்தான் வரும் என்று தம்பி சொல்கிறான். உண்மையா?
– வாசகி, செங்கலடி

பதில்: நஞ்சு போகாது, தங்கச்சி. ஈரலை அழிக்கும் அமாடாக்சின் என்ற காளான் நஞ்சு கொதிநீருக்கு அசையாது. காயவைத்தாலும் பொரித்தாலும் அப்படியே இருக்கும். தண்டை நசுக்கினால் நீலம் பாய்கிறது, ஆகவே நல்ல காளான் என்பதும் ஆபத்தான நம்பிக்கை. நீலம் பாயும் நச்சுக்காளான்களும் உண்டு. ஒன்று நீலமானால், பையில் கிடக்கும் மற்றவையும் அதே வகை என்று ஆகாது.

தம்பி சொல்லும் மயக்கத்தைத் தரும் சிலோசைபின் என்ற பொருள் உள்ள காளானாகவே இருந்தாலும், அந்தப் பொருள் நீரில் கரைந்து இறங்கும். உடம்புக்குள் அது சிலோசினாக மாறி, மூளையில் செரோடோனின் என்ற இயற்கை இரசாயனம் வேலைசெய்யும் இடங்களைப் பிடிக்கிறது. தேத்தண்ணியாகப் போனால் 20 நிமிடத்திலேயே தொடங்கலாம். உச்சம் ஒன்றரை மணித்தியாலமளவில். அடங்க 4 முதல் 6 மணித்தியாலம். கண்மணி விரியும், நாடியும் இரத்த அழுத்தமும் ஏறும், குமட்டும், கை நடுங்கும். அடுத்த நாள் தலையிடி வரலாம். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, அறிவு தடுமாறிய நிலையில் வாவிக்கரைக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில் ஏறுவதும்தான். ஒரே சாணியில் முளைத்த இரண்டு காளானுக்குள்ளும் வீரியம் பல மடங்கு வேறுபடும். ஆகவே 'அரைக் கோப்பைதானே' என்பதற்கு அர்த்தமில்லை.

லித்தியம் குளிசை எடுப்பவருக்கு இதனால் வலிப்பு வரலாம். இதய நோயாளியும், தனக்கோ குடும்பத்திலோ மனச்சிதைவு, இருமுனை நோய் இருப்பவரும் தொடவே கூடாது.

கேள்வி: காளான் தேத்தண்ணி குடித்தவர் சத்தி எடுத்தால் என்ன செய்வது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். புல்தரையில் வளரும் பச்சை வித்துக் காளான் 1 முதல் 3 மணித்தியாலத்துக்குள் கடும் சத்தியையும் வயிற்றோட்டத்தையும் தரும். உடம்பு வற்றுவதால் சேலைன் தேவைப்படலாம். 6 மணித்தியாலத்துக்குப் பிறகு தொடங்கும் சத்திதான் உயிருக்கு உலை. அமாடாக்சின் அப்படித்தான் வரும். அடுத்த நாள் வயிறு அடங்கி, ஆள் தேறியதுபோல் தெரியும். பலரை ஏமாற்றுவது இந்த இடைவெளிதான்: அந்த நேரத்தில் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் கண் மஞ்சளாகும்போது காலம் கடந்திருக்கலாம். இரண்டு வகை கலந்து பிடுங்கியிருந்தால் சத்தி முந்தியும் வரும். ஆகவே சீக்கிரம் வந்த சத்தி என்று அசட்டையாக இருக்கவும் முடியாது.

உப்புத் தண்ணீர் கொடுத்துச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மிஞ்சிய காளானைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோங்கள்; பொலித்தீன் பையில் அழுகிவிடும். என்ன குடித்தார், எத்தனை மணிக்கு என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஈரலைக் காக்கும் மருந்தைத் தொடங்குவது அந்த நேரக்கணக்கை வைத்துத்தான்.

ஆள் பயந்து கத்தினால் கட்டிப்போடாதீர்கள், வாதாடவும் வேண்டாம். வெளிச்சம் குறைந்த அறையில் பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அசதியாகக் கிடந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவையுங்கள். வலிப்பு, கடும் காய்ச்சல், நெஞ்சுவலி, நினைவிழப்பு எதுவானாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.