காலைப் பிடித்தாயிற்று, அப்புறம்?
அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: முதலாம் ஆண்டு மாணவன் நான். 157 பவுண்டு பிரிவு. சீசன் தொடங்கும்போது ‘ஆல்-அமெரிக்கன் ஆவேன்’ என்று எழுதி அறைச் சுவரில் ஒட்டினேன். ஆறு போட்டிகளில் நான்கு தோல்வி. இப்போது அந்தத் தாளைப் பார்த்தாலே மனசு விட்டுப்போகிறது. கிழித்துவிடலாமா?

கிழிக்க வேண்டாம். ஆனால் அது சீசன் முடிவில், மார்ச்சில் நடக்கும் சாம்பியன்ஷிப்புக்கான தாள். நாளைக் காலைப் பயிற்சிக்கு அது உதவாது. என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) சாம்பியன்ஷிப்பில் ஒரு எடைப் பிரிவுக்கு 33 பேர் வருகிறார்கள், அதில் முதல் எட்டு இடம் பிடிப்பவர்தான் ஆல்-அமெரிக்கன். அன்று எதிரே யார் நிற்பார் என்பது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதற்கு இலக்கு வையுங்கள்.

ஆறு போட்டிகளின் வீடியோவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பாருங்கள். எத்தனை முறை காலுக்குப் பாய்ந்தீர்கள், அதில் எத்தனை முறை கால் கைக்கு வந்தது, எத்தனை முறை அது 3 புள்ளி டேக்டவுனாக (எதிராளியைக் கீழே வீழ்த்தி அடக்குவது) முடிந்தது என்று எண்ணுங்கள். 12 முறை பாய்ந்து, 7 முறை கால் கிடைத்து, 2 முறைதான் முடிந்தது என்றால் பாய்ச்சலில் குறையில்லை, முடிப்பதில்தான் கோளாறு. ஏழு நிமிடப் போட்டியில் பாய்ந்ததே 3 முறைதான் என்றால் அது வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறு.

முதல் வகை என்றால், இரண்டு வாரத்துக்கு ஒரே இலக்கு: ‘கால் கைக்கு வந்த பத்து விநாடிக்குள் முடிப்பது.’ தினமும் பயிற்சி முடிந்ததும், கால் ஏற்கெனவே கையில் இருக்கிற நிலையிலிருந்து இரு பக்கமும் தலா பத்து முறை செய்யுங்கள். முதல் வாரம் கூட்டாளி பாதி பலத்தோடு எதிர்க்கட்டும், இரண்டாம் வாரம் முழு பலத்தோடு. எத்தனை முடிந்தது என்று அன்றன்றே எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இலக்குகளுக்கு மேல் வேண்டாம். ஐந்து இலக்கு எழுதியவர் மூன்றாம் நாளில் ஐந்தையும் மறந்துவிடுகிறார்.

கேள்வி: சிங்கிள் லெக் (ஒற்றைக் காலைப் பிடிக்கும் பாய்ச்சல்) போகும்போதெல்லாம் எதிராளி ஸ்ப்ரால் செய்து, அதாவது கால்களையும் இடுப்பையும் பின்னால் வீசி, என்மேல் படுத்துவிடுகிறார். சில சமயம் கால் கிடைத்தாலும் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்தே மேட்டுக்கு (மல்யுத்த விரிப்புக்கு) வெளியே போய்விடுகிறார். எங்கே தப்பு?

இரண்டு தப்புகள், தனித்தனியாகச் சொல்கிறோம்.

ஸ்ப்ரால் ஆவதற்கு முக்கியக் காரணம் தூரம். முழங்கை மடங்கிய நிலையில் உங்கள் கை அவருடைய நெற்றியையோ முழங்கையையோ தொடவில்லை என்றால் பாயக்கூடாது. அதற்கு மேல் எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும், இடுப்பைப் பின்னால் வீச அவருக்கு நேரம் கிடைத்துவிடும். அடுத்து, பாய்வதற்கு முன் அவரை அசைக்க வேண்டும். பிடரியில் கை வைத்துச் சட்டென்று கீழே இழுங்கள். இழுத்தால் யாருமே தலையை மேலே நிமிர்த்துவார்கள், தலையோடு இடுப்பும் உயரும். நீங்கள் இறங்க வேண்டிய கணம் அதுதான். இழுத்துவிட்டு ஒரு மூச்சு யோசித்தால் போயிற்று.

இறங்கும்போது முதுகை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்கி இடுப்பை இறக்குங்கள். முதுகு வளைந்தால் முகம் மேட்டைப் பார்க்கும். குனிந்த தலை எதிராளிக்குக் கைப்பிடி மாதிரி, அப்படியே ஃப்ரன்ட் ஹெட்லாக்கில் (முன்னிருந்து தலையைப் பூட்டும் பிடி) மாட்டிக்கொள்வீர்கள். பின்கால் உடனே முன்னே வர வேண்டும். இரண்டு முழங்காலும் மேட்டில் ஊன்றி நின்றுவிட்டால் அவருடைய எடை முழுவதையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

இனி, கால் கிடைத்த பிறகு. தலை உள்பக்கம், நெற்றி அவருடைய விலாவில் அழுந்தி இருக்கட்டும். கைகளை முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துப் பூட்டி, காலை மார்போடு அணைத்தபடி எழுந்திருங்கள். எழுந்ததும் அந்தக் காலை உங்கள் இரு தொடைகளுக்கு இடையே இடுக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நேராகப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நேராக இழுத்தால் அவரும் நேராகக் குதித்து வருவார், அதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வட்டமாகப் போக வேண்டும். தோளை அவருடைய தொடைமேல், முழங்காலுக்குச் சற்று மேலே அழுத்திக்கொண்டே, ஒரு காலைப் பின்னால் வளைத்து வைத்துத் திரும்புங்கள். கீழ்நோக்கிய அழுத்தமும் திருப்பமும் ஒரே நேரத்தில் வந்தால் குதிக்க அவருக்கு இடமில்லாமல் போகும், உட்கார்ந்துவிடுவார்.

அப்போதும் விழவில்லையா? தலையைப் பாருங்கள். அவர் உங்கள் கைக்கு மேலாகக் கை போட்டுக் கொக்கி மாதிரி நெருக்கும்போது நெற்றி விலாவை விட்டு நழுவியிருக்கும். தலை நழுவினால் தோளின் அழுத்தமும் போய்விடும். வலிமை போதாது என்று எடை தூக்கப் போகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: எதிராளி மேலே, நான் கீழே என்ற நிலையில் தொடங்கினால் எழவே முடிவதில்லை. ரைடிங் டைமில் ஒரு புள்ளி போய்விடுகிறது.

போவது ஒன்றல்ல. நிகர நேரத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக உங்களை அடக்கி வைத்தவருக்கு ஒரு புள்ளி. எழுந்திருந்தால் எஸ்கேப்புக்கு உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரு புள்ளியும் இல்லை. ஆகவே இலக்கை ‘விசில் ஊதிய பத்து விநாடிக்குள் எழுவது’ என்று வையுங்கள்.

தொடக்க நிலையில் எடை கைகளில் இருக்கக்கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும். விசிலோடு ஒரு பாதத்தை ஊன்றி, முதுகால் எதிராளியின் மார்பைப் பின்னுக்குத் தள்ளியபடி எழுங்கள். முன்னால் சாய்ந்து எழுபவரைத் தூக்கி மீண்டும் மேட்டில் போடுவது மிகச் சுலபம். எழும்போதே உங்கள் இடுப்பைச் சுற்றிய அவருடைய கையின் நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடியுங்கள். நான்குக்குக் குறைவாகப் பிடிப்பது விதிமீறல். பிடியைப் பிரித்து, இடுப்பை முன்னே தள்ளிவிட்டு, அதற்குப் பிறகுதான் திரும்ப வேண்டும். கை பிரியாமல் திரும்புவதுதான் அன்றாடம் காணும் தவறு.

கேள்வி: என் மகன் 160 பவுண்டு இருக்கிறான். அணியில் இடம் கிடைக்கும் என்பதற்காக இரண்டு வாரத்தில் 149 பவுண்டு பிரிவுக்கு இறங்குவதை இலக்காக வைத்திருக்கிறான். சரியா?

சரியில்லை, விதியும் அனுமதிக்காது. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. அவருக்கு அது முதல் வாரத்தில் 2.4 பவுண்டு. அந்தக் கணக்கில் 149-ஐத் தொட ஐந்து வாரம் ஆகும். அதுவும் சீசன் தொடக்கத்தில் உடல் கொழுப்பையும் நீர்ச்சத்தையும் சோதித்து அவருக்குக் குறித்த குறைந்தபட்ச எடை அதற்கு இடம் கொடுத்தால்தான். 1997-இல் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் எடையை அவசரமாகக் குறைக்கப் போய் இறந்தார்கள். ரப்பர் உடை, சானா (வியர்க்க வைக்கும் சூடான அறை), நீரிறக்கும் மாத்திரை ஆகியவற்றுக்குத் தடை வந்தது அதன் பிறகுதான். அணியின் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பள்ளியில் மல்யுத்தம் செய்த என் மகள் கல்லூரி அணியில் சேர்கிறாள். அதே நுட்பங்கள் போதுமா?

நின்று செய்வதில் பெரும்பாலானவை போதும், மேட்டில் செய்பவை போதாது. கல்லூரிப் பெண்கள் அணிகள் ஃப்ரீஸ்டைல் என்ற ஒலிம்பிக் முறையில் மோதுகின்றன. அங்கே டேக்டவுனுக்கு 2 புள்ளி, ரைடிங் டைம் கிடையாது. பள்ளி முறையில் தப்பிக்க முதுகின் மேல் ஒரு உருட்டு உருண்டால் சாதாரணமாக ஒன்றும் ஆகாது. ஃப்ரீஸ்டைலில் முதுகு மேட்டின் பக்கம் திரும்பினாலே எதிராளிக்கு 2 புள்ளி. கீழே அகப்பட்டால் எழுந்து தப்பிக்க அவசரப்பட வேண்டியதில்லை. வயிறு மேட்டில் ஒட்டக் கால்களை அகட்டிப் படுத்து, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, புரட்ட விடாமல் தாங்கினால் போதும். மேலே இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் நடுவர் இருவரையும் எழுப்பி நிறுத்திவிடுவார். முதல் மாதம் முழுக்க இந்த ஒன்றையே பழகட்டும். உருளும் பழக்கம் சீக்கிரம் போகாது.