கேள்வி-பதில்: மெயினுக்கு முன்பே கிராஷ்

கேள்வி: லினக்ஸில் என் சி++ புரோகிராம் மெயினுக்குள் நுழையும் முன்பே செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகிறது. ஜிடிபி டீபக்கரில் பார்த்தால் பேக்டிரேஸ் (விழுந்த இடம்வரையான ஃபங்ஷன் அழைப்புகளின் பட்டியல்) முழுக்க எல்டி-லினக்ஸ் ஃபைலின் பெயர். ஜிலிப்சி-யில் (குனு சி லைப்ரரி) பக் என்று புகார் அனுப்பலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மெயினுக்கு முன் பெரும்பாலான நேரம் கன்ட்ரோல், லைப்ரரிகளை ஏற்றி இணைக்கும் டைனமிக் லிங்கரின் (அதுதான் எல்டி-லினக்ஸ்) கையில்தான். அப்போது யார் சொதப்பினாலும் பேக்டிரேஸில் அதன் பெயர் வரத்தான் செய்யும். எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று பாருங்கள்.

முதலில் ஜிலிப்சி-யின் டீபக் சிம்பல்களை நிறுவுங்கள். அவை இல்லாவிட்டால் ஃபங்ஷன் பெயர் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள்தான் வரும். பிறகு ஜிடிபி-யில் 'ரன்' கொடுக்காமல் 'ஸ்டார்ட்ஐ' கொடுங்கள் (8.1 பதிப்பிலிருந்து உண்டு), லிங்கரின் முதல் இன்ஸ்ட்ரக்ஷனிலேயே நிற்கும். 'செட் ஸ்டாப்-ஆன்-சோலிப்-ஈவென்ட்ஸ் 1' என்று கொடுத்து 'கன்டினியூ' செய்யுங்கள், லைப்ரரிகள் ஏறும்போது நிற்கும்.

ஃப்ரேம்களில் கால்_இனிட், _டிஎல்_இனிட் தெரிந்தால், லிங்கர் ரீலொகேஷனை (ஏற்றிய இடத்துக்கு ஏற்ப முகவரிகளைத் திருத்துவது) முடித்துவிட்டு லைப்ரரிகளின் குளோபல் கன்ஸ்ட்ரக்டர்களை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எல்டி_டீபக் சூழல் மாறிக்கு 'லிப்ஸ்' என்ற மதிப்பைக் கொடுத்து ஓட்டுங்கள். 'காலிங் இனிட்' என்று வரும் கடைசி வரியில் எந்த லைப்ரரி இருக்கிறதோ, அதுதான் ஆள். பெரும்பாலும் அதன் குளோபல் ஆப்ஜெக்ட், இன்னும் உருவாகாத வேறொரு லைப்ரரியின் ஆப்ஜெக்டைத் தொட்டிருக்கும். சார்ந்திருக்கும் லைப்ரரியை முதலில் தயார் செய்வதுதான் லிங்கரின் வழக்கம். ஆனால் எது எதைச் சார்ந்தது என்பதை ஃபைலுக்குள் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் டிடி_நீடட் பதிவுகளைப் பார்த்துத்தான் அது தெரிந்துகொள்கிறது. பில்டில் ஒரு '-எல்' (லைப்ரரியைச் சேர்க்கும் ஆப்ஷன்) விட்டுப்போனால் பதிவு இருக்காது. வரிசைக்கும் உத்தரவாதம் இருக்காது.

_டிஎல்_ரீலொகேட்_ஆப்ஜெக்ட்-இல் விழுந்தால் ஐஃபங்க் (எந்த வடிவம் என்று ஓடும்போது முடிவாகும் ஃபங்ஷன்) மீது சந்தேகப்படுங்கள். ப்ராசஸருக்கு ஏற்ற மெம்காப்பி-யைத் தேர்ந்தெடுப்பது போன்ற வேலைகளுக்காக, ரீலொகேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே லிங்கர் ஒரு ரிசால்வர் ஃபங்ஷனை அழைக்கும். ரிசால்வர் இருக்கும் லைப்ரரியே இன்னும் ரீலொகேட் ஆகவில்லை என்றால், அது கெட்என்வ் மாதிரி வெளி ஃபங்ஷனை அழைத்த உடனே ஆர்ஐபி ரெஜிஸ்டர் (அடுத்து ஓடவேண்டிய இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரி) 0-வுக்கோ, பேஸ் முகவரி (லைப்ரரி ஏற்றப்பட்ட இடம்) கூட்டப்படாத ஒரு சின்ன எண்ணுக்கோ போய் நிற்கும். 'இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்' கொடுத்தால் உடனே தெரிந்துவிடும். ரிசால்வருக்குள் வெளி ஃபங்ஷன் எதையும் அழைக்காதீர்கள்.

லைப்ரரிகளை லிங்க் செய்யும்போது '-டபிள்யூஎல்,-இசட்,டெஃப்ஸ்' சேர்த்துவிடுங்கள். விட்டுப்போன சார்பு பில்டிலேயே பிழையாகிவிடும். மேலே சொன்ன வரிசைக் கோளாறுகளில் பாதி தலைகாட்டாது.

லிங்கரிலேயே பக் இருந்ததில்லையா என்றால், உண்டு. 2023 அக்டோபரில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட 'லூனி டியூனபிள்ஸ்' அப்படிப்பட்டதுதான். ஜிலிப்சி_டியூனபிள்ஸ் சூழல் மாறியைப் படிக்கும் கோடில் இருந்த பஃபர் ஓவர்ஃப்ளோ அது, 2.34 பதிப்பில் நுழைந்தது. அந்த அளவுக்கு ஆதாரம் கையில் இருந்தால் தாராளமாகப் புகார் எழுதுங்கள்.

கேள்வி: சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு லைப்ரரியின் புதிய பதிப்பை 'சிபி' கொண்டு பழையதன் மேல் எழுதினேன். ப்ராசஸ்கள் வரிசையாகச் செத்தன. சிலது சிக்பஸ் (பஸ் எர்ரர்), சிலது சிக்செக்வ் (செக்மென்டேஷன் ஃபால்ட்). ஏன் இரண்டு விதம்?

பதில்: 'சிபி' பழைய ஃபைலை நீக்குவதில்லை. அதே ஐநோடை (டிஸ்கில் ஃபைலின் உண்மையான அடையாளம்) 0 பைட்டாக வெட்டிவிட்டு, அதிலேயே திரும்ப எழுதுகிறது. ஓடும் ப்ராசஸ்கள் மெமரியில் மேப் செய்திருப்பதும் அதே ஐநோடைத்தான். வெட்டிய கணத்தில் அந்தப் பக்கத்தைத் தொட்ட ப்ராசஸுக்குப் பின்னால் ஃபைலே இல்லை, அது சிக்பஸ். கொஞ்சம் தாமதமாக வந்தவற்றுக்குப் புதிய கோடு கிடைக்கும். ஆனால் லிங்கர் முகவரிகளை நிரப்பிவைத்த ஜிஓடி அட்டவணையின் சொந்தப் பிரதியும் வெட்டியபோதே போய்விட்டது. ஃபைலிலிருந்து மறுபடி வருவதில் ரீலொகேட் ஆகாத எண்களே இருக்கும். புதிய கோடு அவற்றை நம்பித் தாவினால் சிக்செக்வ். ஓடும் புரோகிராம் ஃபைலின் மேல் எழுதப் போனால் கெர்னல் 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி' என்று தடுக்கும். லைப்ரரிகளுக்கு அந்தக் காவல் கிடையாது.

'இன்ஸ்டால்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். அல்லது அதே டைரக்டரியில் வேறு பெயரில் எழுதிவிட்டு 'எம்வி' செய்யுங்கள். பழைய ஐநோடு ஓடுகிறவர்களுக்கு அப்படியே இருக்கும்.

கேள்வி: புதிய ஜிலிப்சி-யைத் தனி ஃபோல்டரில் பில்ட் செய்து, அதை எல்டி_லைப்ரரி_பாத்-இல் (லைப்ரரிகளைத் தேடும் இடத்தைச் சொல்லும் சூழல் மாறி) கொடுத்தேன். இப்போது 'எல்எஸ்' கூடக் கிராஷ்.

பதில்: முதலில் 'அன்செட் எல்டி_லைப்ரரி_பாத்' அடியுங்கள். பாஷுக்குள்ளேயே இருக்கும் கட்டளை என்பதால் வேலை செய்யும். லிங்கரின் பாதை ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் பிடி_இன்டெர்ப் பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது; சூழல் மாறி அதை மாற்றாது. ஆகவே பழைய லிங்கர் புதிய லிப்சி-யை (ஜிலிப்சி-யின் முக்கிய லைப்ரரி ஃபைல்) ஏற்றியது. இரண்டும் ஜிலிப்சி_பிரைவேட் என்ற பதிப்பின் கீழ் உள் டேட்டாவைப் பகிர்கின்றன. அதன் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். இந்த ஜோடி எப்போதும் ஒரே பில்டிலிருந்து வர வேண்டும்.

புதிய லிங்கரையே நேரடியாக ஓட்டுங்கள்: அதன் முழுப் பாதை, '--லைப்ரரி-பாத்', ஃபோல்டர், கடைசியில் புரோகிராம். இந்த ஏற்பாடு சைல்ட் ப்ராசஸ்களுக்குத் தொற்றாது. அதுவே பெரிய நிம்மதி.

கேள்வி: ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. ஓட்டினால் 'நோ சச் ஃபைல்' என்கிறது. ஆல்பைன் கன்டெய்னர்.

பதில்: இல்லாதது உங்கள் ஃபைல் அல்ல, அது கேட்கும் லிங்கர். ஆல்பைனில் இருப்பது மசல் என்ற வேறொரு சி லைப்ரரி. உங்கள் புரோகிராம் ஜிலிப்சி-க்கு பில்ட் ஆனது. 'ரீட்எல்ஃப் -எல்' கொடுத்து இன்டெர்ப்ரெட்டர் வரியைப் பாருங்கள். ஆல்பைனுக்குள்ளேயே திரும்ப பில்ட் செய்யுங்கள், அல்லது ஸ்டாட்டிக்காக லிங்க் செய்யுங்கள்.