கோஸ் பொரியல் ஏன் நீர்விட்டுக் குழைகிறது?

டெல்லிக் குளிரில் காய் மலிவு, ஆனால் கோஸ், கேரட், பட்டாணி போட்டுச் செய்யும் பொரியல் எப்போதும் கூழாகிறது, வாடையும் அடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாக் காயையும் உப்போடு ஒன்றாகப் போட்டு, தண்ணீர் தெளித்து மூடிவிடுகிறீர்களே, கோளாறு அங்கேதான்.

கோஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உப்பு பட்டதும் அது வெளியே வரும். மூடி போட்டால் ஆவியும் திரும்ப வாணலியிலேயே சொட்டும். வாடை அதிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வருவது. வேக வேகக் கூடும்.

கழுவிய கோஸை நன்றாக வடியவிட்டு நறுக்குங்கள். அகலமான வாணலியில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, முதலில் பட்டாணியும் கேரட்டும் மட்டும். இவற்றுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடலாம். பட்டாணியை விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். அந்த ஈரம் சுத்தமாக வற்றிய பிறகுதான் கோஸ். தீயைக் கூட்டி, மூடாமல் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடம் போதும்: இழை துவள வேண்டும், கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். அப்போது உப்பு, அப்புறம் தேங்காய்த்துருவல், உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள்.

சர்க்கரை ஒரு சிட்டிகை போடச் சொல்பவர்கள் உண்டு. அங்கே கிடைக்கும் சிவப்புக் கேரட்டுக்கு அது வேண்டவே வேண்டாம், அதுவே தித்திக்கும்.