கோழி நொண்டுகிறதா? முதலில் உள்ளங்காலைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பெருவிடைச் சேவல் பத்து நாளாக நொண்டுகிறது. சுளுக்கு என்று மஞ்சள் பற்றுப் போட்டேன், கேட்கவில்லை. திருப்பிப் பார்த்தால் உள்ளங்காலில் வீக்கம், நடுவில் கருப்பாக ஒரு பொருக்கு. பக்கத்து வீட்டில் பிளேடால் கீறி அமுக்கிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா ஐயா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: பிளேடைக் கீழே வையுங்கம்மா. திருப்பிப் பார்த்தீர்களே, அதுவே பாதி வைத்தியம். என்னிடம் வந்த நொண்டிக் கோழிகளில் பலவற்றுக்கு யாரும் உள்ளங்காலைப் பார்த்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் சுளுக்கு, எல்லாவற்றுக்கும் மஞ்சள்.

நீங்கள் சொல்வது கால் ஆணி. முள்ளோ சிராயோ குத்திய இடத்தில், அல்லது உயரத்திலிருந்து குதித்துக் குதித்துக் கன்றிய தோலில், ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி புகுந்து சீழ் கட்டுகிறது. நமக்கு வருவது போல் கோழிக்குச் சீழ் தண்ணீராக ஓடாது. வெந்த கடலைப்பருப்பு மாதிரி கெட்டியாக உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அமுக்கினால் வெளியே வராமல் இன்னும் உள்ளே போகிறது. அடியில் ஓடும் தசைநாரில் பிளேடு பட்டால் விரல் மடங்காமல் போய்விடும்.

சேவலைத் துண்டில் சுற்றி மடியில் வையுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு கலந்து, சேவலின் பாதத்தைக் கால்மணி நேரம் அதில் முக்கி வையுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், வயிறு போகும். ஈரம் ஒற்றி, பொவிடோன் அயோடின் தடவி, காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். கட்டிய பிறகு விரல்கள் வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்கள். தினமும் ஒருமுறை மாற்ற வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையில் கீறல் இருந்தால் அந்தக் கிருமி நமக்கும் ஏறும்.

ஒரு வாரத்தில் வற்றவில்லை என்றாலோ, வீக்கம் விரலிடுக்கு, மூட்டு வரை ஏறினாலோ, தீனி எடுக்காவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். கீறுவது அவர் வேலை. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், எத்தனை நாள் கறிக்கும் முட்டைக்கும் ஆகாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலைக் கட்டிவிட்டு, சேவல் அடையும் மரத்தை மறந்தால் ஆணி திரும்ப வரும். உங்கள் பக்கம் சில்வர் ஓக்கில் அடைந்துவிட்டு, விடிந்ததும் காபி காயவைக்கும் சிமென்ட் களத்தில் பொத்தென்று குதிக்கும் சேவல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சின்ன உடம்புள்ள சிறுவிடை தாங்கும். பெருவிடையின் எடைக்குத் தாங்காது. கூட்டுக்குள் ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு அங்குல அகலத்தில், சிராய் இல்லாமல் இழைத்த கட்டை போடுங்கள். பிளந்த மூங்கில் வேண்டாம். கீழே உமி பரப்பி, நனைந்தால் மாற்றுங்கள். மழை மாதங்களில் ஏற்காட்டுக் கூட்டுத் தரை சுலபத்தில் காயாது, தெரியாததா உங்களுக்கு!

கேள்வி: நான்கு கோழிகளுக்குக் கால் செதில் தூக்கிக்கொண்டு, வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்தது போல் இருக்கிறது. வண்டியின் பழைய ஆயிலைத் தடவலாமா?
– வாசகர், இளம்பிள்ளை

பதில்: வேண்டாம் தம்பி. பழைய ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் தோலை வேகவைத்துவிடும். செதிலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி குடைந்துகொண்டிருக்கிறது. சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும். துடைத்துவிட்டு வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ கெட்டியாகப் பூசினால் உண்ணி மூச்சுமுட்டிச் சாகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, குறைந்தது ஒரு மாதம் செய்யுங்கள். நான்குக்கு மட்டும் இல்லை, கூட்டில் உள்ள எல்லாவற்றுக்கும். அடையும் கட்டையையும் சுரண்டிக் கழுவுங்கள். அடங்காவிட்டால் ஐவர்மெக்டின் இருக்கிறது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், உங்களுடையது தறி ஊர். காலைக் கையில் எடுத்தவுடன் விரலிடுக்கையும் பாருங்கள். குப்பையைக் கிளறும்போது பாலியஸ்டர் நூல் சுற்றிக்கொள்ளும். வீங்கிய சதைக்குள் அமிழ்ந்துவிட்டால் நூல் தெரியவே தெரியாது, ஒரு கோடுதான் தெரியும். விட்டால் விரல் கறுத்து விழுந்துவிடும். ஊறவைத்து, சிறு கத்தரியால் நறுக்கி, கடைசி இழை வரை எடுங்கள்.

கேள்வி: இரண்டரை மாதப் பெட்டை, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்திருக்கிறது. பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தும் எழவில்லை.
– வாசகர், ஓமலூர்

பதில்: குஞ்சின் விரல்கள் உள்பக்கம் சுருண்டு, மூட்டால் நடந்தால் அது பி2 குறைவு, சீக்கிரம் கவனித்தால் பி காம்ப்ளெக்ஸ் கேட்கும். நீங்கள் சொல்லும் படுக்கை மேரெக்ஸ் போல் இருக்கிறது. நரம்பைத் தாக்கும் வைரஸ், மருந்து கிடையாது. கழுத்தும் திருகினால், பச்சையாகக் கழிந்தால், வெள்ளைக்கழிச்சல் என்ற ராணிக்கெட் நோயாகவும் இருக்கலாம். தனியே அடைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். இறந்துவிட்டால் புதைக்கும் முன், ஐஸ் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். மேரெக்ஸ் தடுப்பூசி பொரித்த முதல் நாளே போட வேண்டியது. மருந்துக் குப்பி ஆயிரம் கோழிக்கான அளவில் வருகிறது, கலக்கினால் உடனே தீர்த்தாக வேண்டும். பத்துக் குஞ்சுக்கு அது கட்டுப்படியாகாது. அடுத்த முறை தடுப்பூசி போட்ட ஒரு நாள் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள்.