ஊசி குத்தினால் கரு தங்குமா? அக்குபங்சர் கேள்வி பதில்

குழந்தைப்பேறு சிகிச்சையில் இருக்கும் பெண்களுக்கு அக்குபங்சர், அதாவது உடம்பின் சில புள்ளிகளில் மருந்தில்லாத மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சை, செய்பவள் நான். மருந்து எழுதும் டாக்டர் அல்ல. ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பி "பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் பதில் வராது. மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை). கரு வைக்கும் நாளில் ஊசி போட்டால் வாய்ப்பு கூடுமாமே மேடம்?

இந்தப் பேச்சு கிளம்பிய இடம் 2002இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வு. 160 பெண்கள். கரு வைப்பதற்கு முன்னும் பின்னும் 25 நிமிடம் ஊசி. போட்டவர்களில் 42.5 சதவீதம் பேர் கர்ப்பமானார்கள், போடாதவர்களில் 26.3. எங்கள் தொழிலில் பலரும் இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அதில் ஊசி போடாதவர்களுக்குத் தங்களுக்குப் போடவில்லை என்பது தெரியும்.

அப்புறம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 848 பெண்களை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மீதிப் பேருக்குப் போலி ஊசி (குத்தியது போல் தோன்றும், உள்ளே இறங்காது). 2018இல் முடிவு வந்தது: குழந்தை பிறந்தது நிஜத்தில் 18.3 சதவீதம், போலியில் 17.8. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது.

பிறகு ஏன் செய்கிறேன்? ஹார்மோன் ஊசி, ஸ்கேன், காத்திருப்பு என்று அலையும் பெண் அரை மணி நேரம் போனை அணைத்துவிட்டுப் படுக்கிறாள். பலருக்குத் தோள்பட்டை இறுக்கம் தளர்கிறது, சிலர் தூங்கியே விடுகிறார்கள். அதற்காக வாருங்கள்.

கேள்வி: சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. ஊசியிலேயே சரியாகுமா?

சீனாவிலேயே இப்படி நீர்க்கட்டி உள்ள 1000 பெண்களிடம் சோதித்தார்கள், 2017இல் வெளியானது. முட்டை வெளிவரத் தூண்டும் க்ளோமிஃபீன் மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 29 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, எடுக்காதவர்களில் 15. நிஜ ஊசியா, போலி ஊசியா என்பதால் எந்த மாற்றமும் இல்லை. இன்று அதே வேலைக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் மாத்திரைதான் முதலில் தருகிறார்கள். டாக்டரிடம் கேளுங்கள். அப்படியே கணவருக்கு விந்தணு பரிசோதனை ஆயிற்றா என்றும் பாருங்கள்.

கேள்வி: இரண்டு டியூபும் (கருக்குழாய்) அடைப்பு.

ஊசி அடைப்பைத் திறக்காது. டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: எனக்கு 39 வயது, ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.6தான். மூன்று மாதம் ஊசி போட்டு முட்டையைக் கூட்டிவிட்டு ஐவிஎஃப் போகலாம் என்கிறார்கள்.

போகாதீர்கள். முட்டைகள் நீங்கள் பிறக்கும் முன்பே உருவானவை, ஊசியால் கூடாது. 39இல் மூன்று மாதம் சின்ன விஷயமில்லை. 35 வயதுக்கு மேல் ஆறு மாதம் முயன்றும் கரு நிற்கவில்லை என்றாலே பரிசோதனைக்குப் போக வேண்டும். ஊசி வேண்டுமென்றால் சிகிச்சையோடு சேர்த்துப் போடலாம், அதைத் தள்ளிவைத்துவிட்டு அல்ல.

கேள்வி: நானும் இதே தொழில்தான். போலி ஊசியும் தோலைத் தொடுகிறது, அதற்கும் உடம்பு பதில் சொல்லும். அதை வைத்து நம் பிழைப்பில் நீங்களே மண் போடலாமா?

சரி, பேசுவோம். ஆஸ்திரேலிய ஆய்வில் வைத்த போலி ஊசியின் முனை மழுங்கல். அழுத்தினால் நாடகக் கத்தி மாதிரி தண்டு கைப்பிடிக்குள் போய்விடும். குத்தியது போல் இருக்கும், உள்ளே இறங்காது. தொடுவதே வேலை செய்யலாம் என்கிறீர்கள். இருக்கட்டும். அப்படியானால் எந்தப் புள்ளி, எவ்வளவு ஆழம் என்று நாம் படித்ததெல்லாம் எதற்கு?

கேள்வி: அந்த ஆஸ்திரேலிய ஆய்வில் மூன்றே தடவைதான் போட்டார்கள். நாம் வாரக்கணக்கில் போடுகிறோமே!

இது நியாயமான கேள்வி. மூன்று தடவைதான். வாரக்கணக்கில் போட்டால் பலன் உண்டா என்பதை அதேபோலப் போலி ஊசியோடு ஒப்பிட்டுக் காட்டட்டும். அதுவரை "வாய்ப்பு கூடும்" என்று சொல்லிப் பணம் வாங்கக் கூடாது.

கேள்வி: ஆயிரக்கணக்கான வருட அனுபவம் பொய்யா?

அந்த வருடங்களில் யாரும் கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கருப்பையில் வைக்கவில்லை ஐயா. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: வீட்டிலேயே அழுத்த ஒரு புள்ளி சொல்லுங்களேன் அக்கா.

கணுக்காலின் உள்பக்க எலும்பு மேட்டிலிருந்து நான்கு விரல் மேலே, எலும்புக்குப் பின்னால். சான்யின்ஜியாவ் என்போம். கட்டைவிரலால் அழுத்தலாம், ஊசி மட்டும் வேண்டாம். கர்ப்பத்தில் இதை விட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

கேள்வி: நீர்க்கட்டிக்கு எத்தனை தடவை வரவேண்டும்?

மேலே பாருங்கள்.

கேள்வி: ஒன்றரை வருடமாக நிற்கவில்லை. அவர் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறார். நான் மட்டும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

இதே கதையை எத்தனை பேரிடம் கேட்பது! குறை ஆண் பக்கம் இருப்பதும் சகஜம். ஒரு சின்ன டப்பாவில் மாதிரி கொடுப்பதற்கு அவர் தயங்க, நீங்கள் உடம்பெல்லாம் குத்திக்கொள்வதா? முதலில் அவர் போகட்டும். நீங்களும் டாக்டரைப் பாருங்கள். ஊசி அப்புறம்.

கேள்வி: நாள் தள்ளியிருக்கிறது. தொடரலாமா?

ஊசி போடுபவரிடம் முதலில் சொல்லுங்கள். வயிற்றிலும் இடுப்பிலும் போட விடாதீர்கள். ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தப்போக்கு, மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. கரு டியூபில் தங்கியிருக்கலாம்.

கேள்வி: ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் போடுகிறார்கள்.

அதை ஊசி போடுபவரிடமும், ஊசி போடுவதை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், ஒருமுறை போட்ட ஊசியைத் தூக்கிப் போட வேண்டும். டாக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். "நிச்சயம் குழந்தை" என்று சொன்னாலும் அப்படியே.