கேள்வி – பதில்: கணினிப் பாடம் டிவிடி பிளேயரில் ஓடுமா?

ஐந்தாம் வகுப்புக்காக பவர்பாயிண்ட்டில் 10 கேள்விகளுடன் ஒரு பாடம் தயாரித்திருக்கிறோம். விடையைக் க்ளிக் செய்தால் சரியா தவறா என்று காட்டும். வகுப்பில் இருப்பது டிவியும் டிவிடி பிளேயரும் மட்டுமே. இதை டிவிடியாக மாற்ற முடியுமா? மதிப்பெண்ணும் தெரிய வேண்டும். – பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

முடியும். ஆனால் பவர்பாயிண்ட்டில் உள்ள ‘வீடியோவாகச் சேமி’ வசதி இதற்கு உதவாது. அதில் கிடைப்பது தொடக்கம் முதல் முடிவு வரை தானாக ஓடும் ஒரே படம். ஹைப்பர்லிங்க்கும் க்ளிக்கில் இயங்கும் ட்ரிக்கரும் அதில் வேலை செய்யாது. டிவிடி பிளேயருக்கு நிரல் எதையும் இயக்கத் தெரியாது. முன்பே தயாரித்த படத்தைக் காட்டுவது, ரிமோட்டில் பட்டனை அழுத்தினால் சொன்ன இடத்துக்குத் தாவுவது, சில எண்களை நினைவில் வைப்பது – இந்த மூன்று வேலைதான் அது செய்யும். உங்கள் பாடத்துக்கு இவையே போதும்.

முதலில் ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு மெனு, அதாவது பட்டன்களுள்ள ஒரு பக்கம். ஒவ்வொரு விடையும் அந்த மெனுவில் ஒரு பட்டன். ‘சரி’, ‘தவறு’ பக்கங்களும் தனித்தனி மெனுக்கள். எந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டு முடித்த பிறகு கணினியைத் திறந்தால் பாதி வேலை மிச்சம்.

ஸ்லைடுகளை 4:3 அளவில் பிஎன்ஜி படங்களாகச் சேமியுங்கள். 768×576 அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு 720×576 ஆக அகலத்தை மட்டும் சுருக்குங்கள். கணினியில் பார்த்தால் படம் ஒடுங்கியதுபோல் இருக்கும், டிவியில் சரியாகிவிடும். இந்தியாவில் பால் (PAL) என்ற டிவி முறை என்பதால் நொடிக்கு 25 ஃப்ரேம் (தனிப்படம்).

எழுத்துகளில் தனிக் கவனம் வேண்டும். பழைய டியூப் டிவியில் மெல்லிய கோடுகள் துடிக்கும். ஒரு பிக்சல் உயரமுள்ள படுக்கைக்கோடு நிற்கவே நிற்காது. தமிழில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘பக்கம்’ என்பது தூரத்திலிருந்து ‘பககம’ என்று தெரியும். படிக்கப் பழகும் குழந்தைக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. 28 பிக்சலுக்குக் குறையாத தடித்த எழுத்துரு, 3 பிக்சலுக்குக் குறையாத கோடு, அடர்நீலப் பின்னணியில் வெளிர் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்சிவப்பு ஓரங்களில் கசியும், தவிர்த்துவிடுங்கள். டியூப் டிவி படத்தின் விளிம்பை மறைக்கும் என்பதால் நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு எழுதுங்கள்.

அடுத்து டிவிடிஸ்டைலர். டிவிடி மெனுக்களை உருவாக்கும் இலவச மென்பொருள்தான். எல்லாக் கேள்வி மெனுக்களையும் ஒரே டைட்டில்செட்டுக்குள் (டிவிடியில் படங்களையும் மெனுக்களையும் சேர்த்து வைக்கும் தொகுதி) வையுங்கள். வெவ்வேறு இடத்தில் வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதில் கட்டுப்பாடுகள் குறுக்கே வரும். பட்டன் என்பது செவ்வகம் மட்டுமே. ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. தேர்வைக் காட்டும் ஒளிர்வுக்கு, ஒளிபுகும் நிறத்தையும் சேர்த்து, நான்கு நிறங்கள்தான். எனவே நிழல், மங்கல் போன்ற அலங்காரங்களை விட்டுவிட்டு விடையைச் சுற்றி ஒரு தடித்த கட்டம் போடுங்கள். மேல், கீழ், இடம், வலம் அம்புக்குறிகள் எந்தப் பட்டனிலிருந்து எதற்குப் போகின்றன என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மென்பொருள் தானாகப் போடும் வரிசை பல நேரம் குழப்பும்.

இப்போது மதிப்பெண். பிளேயரில் 16 எண் பெட்டிகள் உண்டு. டிவிடிஸ்டைலர் வழியாக ஜி0 முதல் ஜி12 வரை நீங்கள் பயன்படுத்தலாம். தொடக்க மெனுவில் ஜி0, ஜி1 இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். சரியான விடையின் பட்டனில் ‘ஜி0-வோடு ஒன்றைக் கூட்டு, பிறகு சரி மெனுவுக்குத் தாவு’ என்று கட்டளை எழுதுங்கள். இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது: பிள்ளைகள் பின்னால் போய் அதே விடையை மறுபடி அழுத்தினால் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும். அதற்காகத்தான் ஜி1. முடிந்த கேள்வியின் எண்ணை அதில் எழுதி வையுங்கள். விடை சரியோ தவறோ, இது நடக்க வேண்டும். ஜி1-ல் உள்ள எண், இப்போதைய கேள்வி எண்ணைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் ஜி0-வில் கூட்டுங்கள்.

பிளேயருக்குத் திரையில் எண் எழுதத் தெரியாது. ஆகவே 0 முதல் 10 வரை 11 மதிப்பெண் பக்கங்களைப் படமாகத் தயாரித்து, கடைசியில் ஜி0-வின் மதிப்பைப் பார்த்து உரிய பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். தட்டச்சு செய்யும் விடை, இழுத்துப் பொருத்தும் பயிற்சி ஆகியவை வராது; பொருத்துக வினாவை நான்கு தெரிவுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். டிவிடி தட்டை வெளியே எடுத்தால் மதிப்பெண் அழிந்துவிடும், குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழைய ஃப்ளாஷ் அனிமேஷனை ஏவிஐ வீடியோவாக எடுத்தால் பொம்மைகள் அசையாமல் நிற்கின்றன, ஒலியும் விலகிப்போகிறது. என்ன தவறு? – வாசகர், மதுரை

ஃப்ளாஷ் 8 வரையிலான ஏவிஐ ஏற்றுமதி முதன்மை டைம்லைனை (ஃப்ரேம்களின் கால வரிசையை) மட்டுமே படமாக்கும். தனி டைம்லைனில் ஓடும் மூவி க்ளிப்புக்குள் இருக்கும் அசைவு அதற்குத் தெரியாது. முதல் ஃப்ரேமிலேயே நிற்கும். அந்த க்ளிப்பை, முதன்மை டைம்லைனோடு சேர்ந்து ஓடும் ‘கிராஃபிக்’ வகையாக மாற்றி, அதன் நீளத்துக்கு முதன்மை டைம்லைனிலும் ஃப்ரேம்களை நீட்டுங்கள். ஒலியின் ஒத்திசைவை ‘ஈவண்ட்’டிலிருந்து ‘ஸ்ட்ரீம்’முக்கு மாற்றினால் விலகல் நின்றுவிடும். படம் நொடிக்கு 12 ஃப்ரேமில் இருந்தால் 12.5 ஆக்குங்கள், ஒவ்வொன்றும் இரண்டு முறை வந்து 25 கணக்கில் சரியாகப் பொருந்தும். வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற ஃப்ளாஷ் நிரலால் நகர்பவை இந்த வழியில் வராது. ஃப்ளாஷின் எஸ்.டபிள்யூ.எஃப் கோப்பை, பிரவுசர் இல்லாமல் தனியாக ஓடும் ‘ஃப்ளாஷ் ப்ரொஜெக்டர்’ மென்பொருளில் திறந்து, ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருள் மூலம் 25 ஃப்ரேமில் திரையைப் பதிவு செய்யுங்கள். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃப்ளாஷ் பிளேயர் ஆதரவை நிறுத்திவிட்டதால், பிரவுசரில் திறக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கணினியில் எழுதிய (எரித்த) டிவிடி தட்டு கணினியில் ஓடுகிறது, பிளேயரில் ‘நோ டிஸ்க்’ என்கிறது. – வாசகர், திருச்சி

பெரும்பாலும் எம்பி4 கோப்பையோ ப்ராஜெக்ட் கோப்பையோ டேட்டா தட்டாக (வெறும் கோப்புகளாக) எரித்திருப்பீர்கள். தட்டைத் திறந்ததும் வீடியோ_டிஎஸ் ஃபோல்டர் வெளியிலேயே இருக்க வேண்டும்; வேறு ஃபோல்டருக்குள் இருந்தால் பிளேயர் தேடாது. கோப்பு முறை யுடிஎஃப் 1.02-உம் ஐஎஸ்ஓ 9660-உம் சேர்ந்தது. எரித்தபின் ஃபைனலைஸ் செய்தே, அதாவது தட்டை எழுதி முடித்து மூடியே ஆக வேண்டும்.

இவை சரியாக இருந்தும் ஓடாவிட்டால் தட்டை மாற்றுங்கள். பழைய பிளேயர்கள் அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தட்டைப் படிக்கத் திணறும்; டிவிடி-ஆர் வாங்கி 4x அல்லது 8x வேகத்தில் எரியுங்கள். காகித லேபிள் ஒட்டாதீர்கள், சுழலும்போது தடுமாறும். படம் இடையில் நின்று நின்று ஓடினால் பிட்ரேட் (ஒரு விநாடிக்குச் செலவாகும் தரவு) அதிகம் என்று பொருள். ஒரு மணி நேரத்துக்கு விநாடிக்கு 8 மெகாபிட் தாராளம். இரண்டு மணி நேரம் என்றால் ஒலியும் சேர்த்து 5-ஐத் தாண்டினால் 4.7 ஜிபி தட்டில் இடம் போதாது.

எங்களிடம் விசிடி பிளேயர் மட்டும்தான் உள்ளது. மெனு வருமா? – வாசகர், நாகர்கோவில்

விசிடி 2.0-இல் பிபிசி (PBC, பிளேபேக் கண்ட்ரோல்) என்ற வசதி உண்டு. ரிமோட்டின் எண் விசைகளால் தேர்வு செய்யலாம். மெனுப் படத்தில் ‘1’, ‘2’ என்று எண்களைப் பெரிதாக எழுதிவிடுங்கள். மதிப்பெண் கணக்கு இதில் வராது. படம் 352×288 அளவுதான் என்பதால், வீடியோவுக்குள் வரும் தமிழ் எழுத்தை இன்னும் பெரிதாக்குங்கள். பிளேயரில் பிபிசி அணைத்திருந்தால் மெனுவே வராது. ரிமோட்டில் அந்தப் பெயரிலேயே ஒரு விசை இருக்கும்.