ராயபுரம் டு புதுச்சேரி: நிதி திரட்டும் சைக்கிள் பயணம், கேள்வி பதில்

ஜனவரியில் ஒரு ஞாயிறு, ராயபுரத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒரே நாளில் சைக்கிளில் போகிறோம். தூரம் சுமார் 160 கிலோமீட்டர். சேரும் பணம் வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு நடக்கும் மாலை நேர இலவச வகுப்புக்கு. வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, தினமும் ஆபீஸுக்குப் பத்து கிலோமீட்டர் மிதிக்கிறேன். அது போதுமா? (தண்டையார்பேட்டை)

போதாது, ஆனால் நல்ல தொடக்கம். வாரம் ஒரு நீண்ட ஓட்டம் வையுங்கள். முதலில் 40, அப்புறம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 100 வரை கொண்டுபோங்கள். நூறை அலுக்காமல் முடிப்பவர் கூட்டத்தோடு 160 போய்விடுவார். நம் பக்கத்துக்குச் சரியான பயிற்சிப் பாதை மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. போக வர நூறுக்கு மேல் வரும். குளிர்காலத்தில் ஏரியில் பூநாரையும் கண்ணில் படலாம். வழியில் கால் மக்கர் பண்ணினால், பொன்னேரியில் சைக்கிளைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு மின்சார ரயிலில் திரும்பிவிடலாம்.

எனக்கு 46 வயசு. கியர் இல்லாத சைக்கிள்தான். வீட்டில் "உனக்கெதுக்கு இது" என்கிறார்கள். (பெரம்பூர்)

வாங்க அக்கா. கிழக்குக் கடற்கரைச் சாலை பெரும்பாலும் சமதளம், கியர் இல்லாமலும் போகலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, முட்டி வலி ஏதாவது இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கியரைவிட முக்கியம் சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டி வலிக்குத் தைலம் தேடுகிறார்கள்.

வசூலாகும் பணத்தில்தான் சாப்பாடு, வண்டி, டி-ஷர்ட் எல்லாமா? நேராகவே கேட்கிறேன். (திருவொற்றியூர்)

நேராகக் கேட்டதே நல்லது. இல்லை. ஓட்டுகிறவர்கள் தங்கள் செலவைத் தாங்களே போட்டுக்கொள்கிறோம். டி-ஷர்ட் கிடையாது. நன்கொடை என்று ஒருவர் கொடுத்த நூறு ரூபாயில் ஒரு வாழைப்பழம்கூட நாம் வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பணம் என் கணக்குக்கோ வேறு ஓட்டுநர் கணக்குக்கோ வராது. வகுப்பை நடத்தும் அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும், ரசீதையும் அவர்களே தருவார்கள். 80ஜி பதிவு இருப்பதால் வரிச்சலுகை உண்டு. ஆனால் ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. இதைக் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

துபாய் மாமாவும் ஆஸ்திரேலியா சித்தப்பாவும் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். வாங்கலாமா? (கொருக்குப்பேட்டை)

மாமா இந்தியக் குடிமகனாகவே இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். சித்தப்பா அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொடவே கூடாது. நம் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இல்லை.

கன்டெய்னர் லாரியை நினைத்தாலே பயம். (மணலி)

மணலியில் இருந்துகொண்டு பயப்படாவிட்டால்தான் தப்பு! பயண நாளில் நாம் தெற்கே போவதால், பாரிமுனை தாண்டிக் கடற்கரைச் சாலை ஏறிவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் விட்டது. பயிற்சியில்தான் கவனம் வேண்டும். டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், லாரியின் இடப்பக்கத்தை ஒட்டி வருகிற சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியாது. நாமோ இடது ஓரமாகத்தான் போகிறோம். அதனால் சிக்னலில் நிற்கிற டிரெய்லருக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழையவே நுழையாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள், அது திரும்பிப் போகட்டும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாதவரை நான் கிளம்ப விடமாட்டேன்.

வேகமா மிதிக்கிறவங்க முன்னாடி போய் புதுச்சேரியில காத்திருக்கலாமா அண்ணே? (காசிமேடு)

கூடாது தம்பி. மணிக்கு 18, 20 கிலோமீட்டர் வேகம்தான். காலை 4 மணிக்குக் கிளம்பினால் ஏழே கால் வாக்கில் மாமல்லபுரம், டிபன். அப்புறம் கல்பாக்கம், மரக்காணம் என்று நின்று நின்று போனால் பிற்பகல் மூன்று மணிக்குள் புதுச்சேரி. உன்னைப் போலத் தெம்பானவர்கள் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும், களைத்தவர் பின்னால் ஒட்டி வந்தால் அவருக்கு மிதிப்பது எளிது. கடைசி ஆளுக்கும் பின்னால் பம்பு, பஞ்சர் சாமானோடு ஒருவர் வருவார். அந்த வேலைக்கு உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்! ஜனவரியில் வாடைக் காற்று முதுகில் தள்ளும். மதியத்துக்கு மேல் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். அப்போதுதான் உன் கால் தேவைப்படும்.

என்ன சாப்பிடலாம்?

பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள். மணிக்கொரு வாழைப்பழம் அல்லது இரண்டு மூன்று கடலை மிட்டாய். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் நடுநடுவே ஓஆர்எஸ் சேருங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பரோட்டா, பிரியாணி எல்லாம் முடிந்த பிறகு. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுவது மறுநாள் திட்டத்தில் இருக்கிறது.

உட்காருமிடம் புண்ணாகுமே?

பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ், உள்ளாடை இல்லாமல். அவ்வளவுதான்.

திரும்பி வருவது எப்படி? (எண்ணூர்)

ஆட்கள் பஸ்ஸில், சைக்கிள்கள் குட்டி யானை லோடு வண்டியில். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வோம். பெடலைக் கழற்றிவிட்டு, சைக்கிளுக்குச் சைக்கிள் நடுவே அட்டை வைத்து அடுக்கினால் பெயின்ட் உரசாது. 15 நம்பர் ஸ்பானர் கொண்டுவாருங்கள். இடது பெடலின் மறை தலைகீழ், கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும்.